ஊர்ப் பசங்க கட்டுற கூத்து: ராத்திரியில் எது எது கெடும், முன்னாடியே என்ன செய்து வைக்கணும்?

புதுக்களரி (பென்னாகரம் பக்கம்)

வணக்கம். சித்திரையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு இந்த முறை வெளியூர் ஜமா (தொழில்முறைக் கூத்துக் குழு) வைக்கலை. ஊர்ப் பசங்களே வேஷம் கட்டுறாங்க. முதல் ராத்திரி துகில் (திரௌபதி சேலையைத் துச்சாதனன் உருவுற கதை), ரெண்டாம் ராத்திரி பதினெட்டாம் போர், விடிஞ்சதும் படுகளம் (மண்ணில் செய்த துரியோதனன் தொடையைப் பீமன் அடிக்கிற சடங்கு). பாட்டு, அடவு, வசனம் எல்லாம் வாத்தியார் கையில் இருக்கு, அதில் கவலை இல்லை. மைக், விளக்கு, வேஷச் சாமான், மிருதங்கம், துகில் சேலை, மண் துரியோதனன் இதெல்லாம் விழாக் குழு தலையில். எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும்னு அளவோட சொல்லுங்க. 'ஜாக்கிரதையா இருங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கு.

பாக்ஸ்செட் (பாலக்கோடு)

தம்பி, சாமான் அப்புறம். முதல்ல நேரக் கணக்கு.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, கலை நிகழ்ச்சிக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. அந்த நாட்களை அரசுதான் முடிவு செய்யும், ஊர் கேட்டு வாங்குறது இல்லை. அதனால் ஸ்டேஷனில் மனு கொடுக்கும்போதே 'எத்தனை மணி வரை' என்று கேட்டு எழுத்தில் வாங்கிடுங்க. நோட்டீசில் 'விடிய விடிய' என்று அடிச்சுட்டு, பத்தரை மணிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னால் திகைச்சு நிற்கிறதுதான் ஊர்க் கூத்தில் நடக்கிற முதல் சொதப்பல். பகலில் பாரதப் பிரசங்கம் இருந்தால் அதுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே ஏழு மணிக்குக் களரி கட்டிடுங்க (வாத்தியம் எல்லாம் வாசிச்சுத் தொடங்குறது). ஏழரைக்குக் கட்டியங்காரன் (கதையை அறிவிக்கிற கோமாளி) வந்துடணும். வசனம் அதிகமா இருக்கிற இடம், நையாண்டி, சூதாட்டச் சபைக்கு முன்னாடி வர்ற விசாரிப்பு எல்லாம் 10 மணிக்குள்ள மைக்கில். அதுக்கு அப்புறம் வாய்க்குரல்தான் என்று வெச்சுப் பழகுங்க. 12 வரை அனுமதி கிடைச்சால் லாபம்.

மைக் எங்கே வைக்கிறது: தொங்கவிடுற மைக்கைக் களரி (ஆடுற இடம்) நடுவில் தொங்கவிடாதீங்க. ஆள் 6 அடி, கிரீடம் ஒன்றரை அடி, குதிச்சால் இன்னும் ஒரு அடி. துரியோதனன் முதல் சுற்றிலேயே மைக்கை முட்டி உடைப்பான். ஆடுற எல்லைக்கு 2, 3 அடி முன்னாடி, தரையிலிருந்து ஏழு ஏழரை அடியில் ரெண்டு மைக் போதும், இடையில் 8 அடி விடுங்க. பின்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வேண்டாம், அது தானாவே கேட்கும்.

சட்டையில் குத்துற சின்ன மைக்கை மரத்தால் செய்த மார்ப்பதக்கத்து மேல குத்தினால் ஒவ்வொரு அடிக்கும் கட்டை மேல கட்டை மோதி 'டக் டக்'னு அதுதான் கேட்கும். கிரீடத்தோட முன் விளிம்பில், நெற்றிக்கு மேல ஒட்டிடுங்க. ரெண்டு வேஷத்துக்கு ரெண்டு கார்ட்லெஸ் வாடகைக்கு எடுத்தால் ரெண்டும் ஒரே அலைவரிசை இல்லைன்னு எடுக்கிற இடத்திலேயே ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பாருங்க. ஒண்ணா இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது இரையும்.

பாக்ஸ் எப்பவும் மைக் வரிசைக்கு முன்னாடி, ஜனத்தைப் பார்த்து. பின்னாடி வெச்சால் ஊளைதான். ஊளை வந்தால் மொத்த சத்தத்தையும் குறைக்காமல் ஒவ்வொரு மைக்கா இறக்கிப் பாருங்க, எதை இறக்கினால் நிற்குதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் ஆர்மோனிய மைக்.

ஐந்துகட்டை (ஊத்தங்கரை)

பாக்ஸ்செட் அண்ணன் சொன்ன நேரக் கணக்கு சரி. ஆனால் மைக்கை நிறுத்தினதும் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பேசணும்.

மைக் இருக்கேன்னு ஜனம் அறுபது, எழுபது அடி தள்ளி, டிராக்டர் மேலயும் திண்ணையிலயும் உட்கார்ந்திருக்கும். மைக் போனதும் அவங்களுக்கு ஒன்னும் கேட்காது, பேச ஆரம்பிப்பாங்க, அந்தப் பேச்சில் முன்வரிசைக்கும் கேட்காது. அதனால் மைக்கை நிறுத்துறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி கட்டியங்காரன் வேஷத்திலேயே வந்து ஜனத்தைக் கிட்ட இழுக்கணும். 'ராஜா சபைக்கு எல்லாரும் வாங்க'ன்னு அவன் கூப்பிட்டால் வருவாங்க, விழாக் குழுத் தலைவர் கூப்பிட்டால் வர மாட்டாங்க. முப்பது அடிக்குள்ள, மூணு பக்கமும் உட்கார வைங்க.

களரியைக் கோயில் சுவர் பின்னாடி இருக்கிற மாதிரி வைங்க. சுவர் குரலை முன்னாடி திருப்பும், தார்ப்பாய் குடிச்சுடும். காற்று களரியிலிருந்து ஜனத்துப் பக்கம் போகணும். எதிர்க்காற்றில் பாடினால் எவ்வளவு கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதுக்கு முந்தின சாயங்காலமே அதே இடத்தில் ஒரு ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.

சுருதி விஷயத்தில் ஒன்று. சுருதியைக் கட்டைன்னு எண்ணுவோம், எண் கூடினால் சுருதி உயரும். தொழில்முறை ஜமா ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவாங்க. பழகின தொண்டை. உங்க பசங்களை ஐந்தில் பாட வெச்சால் துச்சாதனன் வர்ற நேரத்துக்குத் திரௌபதிக்குக் குரலே இருக்காது. மூணு, அதிகம் போனால் நாலு.

கொட்டாய்க்காரர் (தேன்கனிக்கோட்டை)

மூணு கட்டையில் மைக் இல்லாமல் பாடினால் அது கூத்து இல்லைங்க, தாலாட்டு. எங்க பக்கம் ராத்திரிக் காற்று வீசுற வீச்சுக்கு ஐந்துக்குக் கீழே எதுவும் எடுபடாது. தொண்டை போகும்னு பயந்தால் பழக்கத்தைக் கூட்டணும், சுருதியைக் குறைக்கக் கூடாது.

ஐந்துகட்டை (ஊத்தங்கரை)

ஐயா, உயர்ந்த சுருதி தூரம் போகும் என்பதை மறுக்கலை. ஆனால் தூரம் போறது வேற, சொல் புரியுறது வேற. எட்டாத சுருதியில் பாடுறவன் வாயை ஒரே மாதிரி திறந்து வெச்சுக்குவான், 'க'வும் 'த'வும் ஒண்ணாக் கேட்கும். நாலில் சொல்லை நறுக்கிப் பாடி, பின்பாட்டுக்காரங்க மூணு பேரா அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடினால் கடைசி வரிசைக்கு அர்த்தம் போய்ச் சேரும். ஒருத்தர் பாட்டை மூணு பேர் தாங்கணும்னுதான் பின்பாட்டே இருக்கு. இன்னொன்று, பாட்டு நடக்கும்போது முகவீணை (நாதஸ்வரம் மாதிரிச் சின்ன ஊதுகருவி) அதே இடத்தில் முழு மூச்சா ஊதக் கூடாது. அடி முடிஞ்சு பின்பாட்டு எடுக்கும்போது ஊதட்டும்.

வசனம் மறந்தால் என்ன செய்யணும்னும் முன்கூட்டியே பேசி வைங்க. வேஷக்காரன் தாளக்காரர் பக்கம் திரும்பி இடது கையை இடுப்பில் வெச்சால் 'மறந்துட்டேன்'னு அர்த்தம். உடனே பின்பாட்டு கடைசி அடியைத் திரும்பப் பிடிக்கணும், ஆர்மோனியம் சுருதியை விடக் கூடாது, வாத்தியார் அந்தச் சத்தத்துக்குள்ளயே அடுத்த வசனத்தோட முதல் ரெண்டு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். முதல் ரெண்டு வார்த்தை மட்டும். முழு வரியும் கொடுத்தால் ஜனத்துக்குக் கேட்டுடும்.

தொப்பிரவை (தருமபுரி)

மேலே ரெண்டு பேரும் சுருதிக்குச் சண்டை போடுறீங்க, மிருதங்கத்தை யாரும் கேட்கலை.

புதுக்களரி, உங்க ஊர்ல இருக்கிற மிருதங்கம் எத்தனை அங்குலம்னு அளந்து பாருங்க. 24 அங்குலம் என்றால் அது தாழ்ந்த சுருதிக்கு, ஒன்றிலிருந்து ரெண்டரைக் கட்டைக்குச் செய்தது. பஜனைக் கோயில்ல பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதை நாலு கட்டைக்கு இழுத்தால் ஒன்று வார் அறும், இல்லை வலந்தலை (வலது பக்கத் தோல்) கிழியும், பெரும்பாலும் நடு ராத்திரியில். நாலு கட்டைக்கு 22 அங்குலம் வேணும். அது கிடைக்கலைன்னா மேலே நடக்கிற விவாதத்துக்கே வேலை இல்லை, பாட்டைத்தான் இறக்கணும்.

ரவை: ஒரு கைப்பிடி ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு பத்து நிமிஷம் ஊற விடுங்க. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வா இருக்கணும். எலுமிச்சம்பழ அளவு எடுத்துத் தொப்பி (இடது பக்கத் தோல்) நடுவில் வட்டமா அப்புங்க. கெட்டியா இருந்தால் ஆடும்போது உதிரும், தண்ணியா இருந்தால் தோல் ஊறிச் சத்தம் செத்துடும். சித்திரைக் காற்றில் ரெண்டு மூணு மணி நேரத்தில் காய்ஞ்சு வெடிக்கும், அப்போ 'தொம்' போய் 'டப்' வரும். விரலைத் தண்ணியில் தொட்டு ரவை மேல மட்டும் தடவுங்க, தோல் மேல வேண்டாம். மூடியோட ஒரு டப்பாவில் பிசைஞ்ச ரவை இன்னொரு உருண்டை தயாரா இருக்கட்டும்.

கோடை மழை ஒரு தூறல் போட்டுட்டுப் போனால் காற்று ஈரமாகி வலந்தலை தளரும், சுருதி இறங்கும். மரத்துண்டை விளிம்பில் வெச்சுக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் ஏறும். ஒரே இடத்தில் தட்டாதீங்க, எதிரெதிரா ஒரு தட்டு, ஒரு தட்டு. சீக்கிரம் ஆகணும்னு ஹாலஜன் விளக்குப் பக்கத்திலயோ பந்தத்துப் பக்கத்திலயோ காட்டினால் தோல் விறைக்கும், கூடவே கரணையும் (வலந்தலை நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) வெடிக்கும். வெடிச்ச கரணையைக் களரியில் வெச்சுச் சரி பண்ண முடியாது. கம்பளியில் சுற்றி வைங்க, அதே போதும்.

முடிஞ்சதும் ரவையைச் சுத்தமாச் சுரண்டித் துடைச்சுடணும். அப்படியே மூலையில் வெச்சால் மறுநாள் எலி ரவையையும் தின்னும், தோலையும் தின்னும். ரெண்டாம் ராத்திரிக்குப் பதினெட்டாம் போர் தாளத்தை மட்டும் வெச்சு நடத்த வேண்டியதுதான்.

முகவீணைக்காரர்கிட்ட சீவாளி (வாயில் வெச்சு ஊதுற நாணல்) குறைஞ்சது நாலு இருக்கான்னு கேளுங்க. காய்ஞ்ச சீவாளி கீச்சிடும், கடிச்சால் பிளக்கும்.

முத்துவெள்ளை (கிருஷ்ணகிரி)

வேஷம் பற்றி நான் சொல்றேன். பசங்க முதல்தடவை கட்டுறாங்கன்னா இதை முழுசாப் படிக்கச் சொல்லுங்க.

நாட்டு மருந்துக் கடையில் 'அரிதாரம்' என்று மஞ்சள் கட்டி கேட்டு வாங்காதீங்க. அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம். செந்தூரம் என்று விற்கிறதில் ஈயம் இருக்கலாம். வியர்வையோட கண்ணுக்குள்ளயும் வாய்க்குள்ளயும் இறங்குற சாமான் இது. பழைய வாத்தியார்கள் அதைத்தான் போட்டாங்க என்பது காரணம் ஆகாது. நாடக ஒப்பனைக்கு என்று விற்கிற மஞ்சள், சிவப்பு, பச்சை வாங்குங்க. முத்துவெள்ளை துத்தநாக ஆக்சைடு பொடி, அது பரவாயில்லை.

வரிசை முக்கியம். முதல்ல முகம் கழுவித் துடைச்சு, மீசை, தாடி ஒட்டுற இடத்தில் ஸ்பிரிட் கம் தடவி ஒட்டிடணும். அப்புறம்தான் எண்ணெய். எண்ணெய் தடவினப்புறம் ஒட்டினால் பசை பிடிக்காது, வியர்த்ததும் பீமன் மீசை தொங்கும். வரையற மீசைன்னா இந்தத் தொல்லையே இல்லை, முதல்தடவைக்கு அதுதான் நல்லது.

தேங்காய் எண்ணெய் முகத்துக்கு மொத்தமா அரைத் தேக்கரண்டி போதும். பளபளன்னு இருந்தால் அதிகம், துணியால் ஒத்தி எடுங்க. முத்துவெள்ளையை எண்ணெயில் குழைச்சு மெல்லிசா ஒரு பூச்சு, அது மேல நிறம், அது மேல முகப்பவுடரை ஒத்தி ஒத்திப் போடணும். தேய்க்கக் கூடாது. பவுடர் எண்ணெயைப் பிடிச்சு நிறுத்தும், அதை விட்டால் ஒரு மணி நேரத்தில் துரியோதனன் சிவப்பு கழுத்து வழியா மார்ப்பதக்கத்துக்கு வந்துடும். மை கடைசி. புருவக்கோடு கண் இமைக்கு ஒரு விரல்கடை மேலயே நிற்கட்டும்.

பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீங்க. இப்போ எல்லா ஊர்லயும் வெள்ளை எல்இடி விளக்கு. அதில் மஞ்சள் காமாலை மாதிரித் தெரியும், ரோஸ் வெளுத்துடும். எந்த விளக்கில் ஆடப் போறாங்களோ அதே விளக்கில் ஒரு ஆளுக்குப் போட்டு முப்பது அடி தள்ளி நின்னு பாருங்க.

கலைக்கும்போது சோப்பு முதல்ல போடக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி ரெண்டு நிமிஷம் விட்டு, பழைய பருத்தித் துணியால் வழிச்சு, அப்புறம் கடலை மாவு. ரெண்டு ராத்திரி தொடர்ந்து கட்டுறவங்க இதைச் செய்யலைன்னா ரெண்டாம் நாள் முகம் எரியும்.

கட்டைகள் (மர அணிகள்): தோளில் கட்டுற புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் நூல் கயிற்றில் கட்டுங்க. நைலான் கயிறு வியர்வையில் வழுக்கும். கட்டும்போது ஆள் மூச்சை இழுத்து நிறுத்தியிருக்கணும், அப்போதான் பாடும்போது நெஞ்சு விரிய இடம் இருக்கும். உள்ளே தோளில் நாலா மடிச்ச பருத்தித் துண்டு. கிரீடத்துக்குள்ள தலைப்பாகைத் துணி ஈரமில்லாமல் இருக்கணும். ஈரத்துணி காய்ஞ்சதும் சுருங்கும், கிரீடம் ஆடும்.

வாடகைக் கட்டையில் கண்ணாடித் துண்டு பெயர்ந்திருந்தால் அப்படியே வெள்ளைப் பசை போட்டு ஒட்டாதீங்க, வார்னிஷ் மேல அது பிடிக்காது. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்ச்சுட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காய விடணும். வெறுங்காலோட ஆடுற களரியில் ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்தால் இருட்டில் தேட முடியாது. பிளாஸ்டிக் கண்ணாடி கிடைக்குது, புதுசாப் பதிக்கிறதா இருந்தால் அதைப் பதிங்க.

கொட்டாய்க்காரர் (தேன்கனிக்கோட்டை)

கால் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நம்ம பக்கத்து மானாவாரி நிலத்தில் களரி போட்டால் முதல் எதிரி நெருஞ்சி முள். விளக்குமாறு அதை எடுக்காது, புரட்டித்தான் போடும். பழைய சாக்கை நனைச்சுத் தரையில் இழுத்துட்டுப் போங்க, முள் சாக்கில் குத்திக்கிட்டு வந்துடும். ரெண்டு திசையிலயும் இழுக்கணும். அப்புறம் சாணம் தெளிங்க. நாலு மணிக்கு ஒரு முறை, ஆறரைக்கு லேசா ஒரு முறை. அதுக்கு மேல தண்ணி போட்டால் சுழன்று ஆடுறவன் வழுக்குவான்.

சலங்கை முடிச்சு காலோட வெளிப்பக்கம் வரணும். உள்பக்கம் இருந்தால் மற்ற கால் சலங்கை அதில் மாட்டும்.

புதுக்களரி (பென்னாகரம் பக்கம்)

எல்லாருக்கும் நன்றி. மிருதங்கத்தை அளந்தாச்சு, 24 அங்குலம்தான். தருமபுரியில் வாடகைக்குத் தேடணும்.

துகில் சேலைக்கு யாராவது சொல்லுங்க. ஏழு சேலையை முடிஞ்சு இடுப்பில் சுற்றிட்டால் போதும்னு குழுவில் ஒருத்தர் சொல்றார்.

துகில்பெட்டி (அரூர்)

ஏழு சேலையையும் இடுப்பில் சுற்றினால் என்ன ஆகும்னு கணக்குப் போடுங்க. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். ஏழு சேலை முப்பத்தெட்டு மீட்டருக்கு மேல. இடுப்பு ஒரு சுற்று ஒரு மீட்டர்னு வெச்சால், அத்தனையும் உருவ திரௌபதி வேஷக்காரன் முப்பது சுற்றுக்கு மேல சுழலணும். பத்தாவது சுற்றில் தலை சுற்றும், இருபதாவதில் விழுவான். சுற்றாமல் நின்னால் சேலை இறுகும். அது போக, இடுப்பு பீப்பாய் மாதிரி இருக்கும், வந்து நிற்கும்போதே ஜனத்துக்கு விஷயம் தெரிஞ்சுடும்.

செய்ற முறை இது. வேஷக்காரனுக்கு உள்ளே அரை நிக்கர், அது மேல அவன் கட்டின சேலை. அந்தச் சேலை அவிழவே கூடாது, கொசுவத்தையும் முந்தானையையும் ஊசி நூலால் தைச்சுடணும். ஊக்கு வேண்டாம், இழுப்பில் திறந்து குத்தும். அது மேல ரெண்டு சேலை மட்டும் இடுப்பில் சுற்றியிருக்கணும், பத்து பதினோரு சுற்று. மீதி அஞ்சும் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் கூடையில்.

இடுப்பில் அகலமான துணிப் பட்டை ஒன்று தைச்சு, அதன் பின்பக்கம் மூணு, மூணரை அங்குல இரும்பு வளையம் ஒன்று, பக்கவாட்டில் இன்னொன்று. கூடைச் சேலை பின் வளையத்தில் நுழைஞ்சு, முந்தானைக்கு அடியில் பக்க வளையம் வழியா வெளியே வரும். வளையம் வழுவழுப்பா இருக்கணும், பற்றவைச்ச இடத்தில் பிசிறு இருந்தால் அரம் போட்டுத் தேய்ச்சு எடுங்க. துணி மாட்டினால் கதை முடிஞ்சது.

சேலையைச் சேலையோட முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சு வளையத்தில் சிக்கும். ரெண்டு நுனியையும் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்றா வெச்சு ஓட்டுத் தையல் ரெண்டு வரி. கூடையில் உருட்டி வைக்காமல் விசிறி மடிப்பா அடுக்குங்க, கடைசியில் போகவேண்டிய நுனி அடியில். பருத்திச் சேலை வளையத்தில் பிடிக்கும். பாலியெஸ்டர் வழுக்கிட்டு வரும், ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதனால் அந்தக் காட்சி முடியிற வரை பந்தமும் கற்பூரத் தட்டும் பத்தடி தள்ளித்தான். ஒவ்வொரு சேலையும் வேற வேற நிறமா இருந்தால்தான் 'வளருது'ன்னு தூரத்தில் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

கூடைப் பக்கம் ரெண்டு பேர். ஒருத்தர் எடுத்துவிட, ஒருத்தர் சிக்கு பார்க்க. துச்சாதனன் சேலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடக் கூடாது, நின்ன இடத்தில் கை மாற்றிக் கை மாற்றி இழுக்கணும். நொடிக்கு அரை மீட்டர் வந்தால் மொத்தமும் ஒன்னேகால் நிமிஷத்தில் முடிஞ்சுடும். முறையீட்டுப் பாட்டு அதை விட நீளமா இருக்கும், அதனால் அடி முடிஞ்சு பின்பாட்டு வரும்போது மட்டும் இழுத்து, அவள் பாடும்போது நிறுத்தி மூச்சு வாங்கட்டும். பார்க்கவும் அதுதான் நல்லா இருக்கும். இழுத்த சேலை காலடியில் குவியும், அதை ஒதுக்க ஒரு ஆள் சேவகன் வேஷத்திலேயே இருக்கட்டும்.

முழு உடுப்போட இதை ஒரு தடவையாவது ராத்திரியில் ஒத்திகை பாருங்க. பகலில் லுங்கியோட பார்க்கிற ஒத்திகை இதுக்கு உதவாது.

முத்துவெள்ளை (கிருஷ்ணகிரி)

இந்தக் காட்சியில் துச்சாதனன் வேஷக்காரருக்கோ திரௌபதிக்கோ அருள் வர்றது உண்டு. அதைத் தடுக்கப் பார்க்காதீங்க. பின்னால் ரெண்டு பேர் நீளத் துண்டோட நிற்கட்டும், இடுப்பில் போட்டுப் பிடிக்க. கையைப் பிடிச்சால் புஜக்கட்டை முகத்தில் அடிக்கும். மஞ்சள் தண்ணி ஒரு சொம்பு, முதல்ல கழற்ற வேண்டியது கிரீடம்.

பாக்ஸ்செட் (பாலக்கோடு)

கரண்டு. சுருக்கமா.

100 வாட் எல்இடி ஆறு என்றால் 600. மைக்செட் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு. ஒப்பனைக் கொட்டாயில் விளக்கு, மின்விசிறி ஒரு 300. எல்லாம் சேர்த்து ரெண்டரை ஆயிரம் வாட்டுக்குள்ள. 5 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். ஆனால் எங்கேயும் ஒரே மாதிரிதான் கெடுது: டீ போடுறவர் 1500 வாட் ஹீட்டரைக் கொண்டு வந்து அதே பலகையில் சொருகுவார், கர்ணன் பாட்டு நடுவில் எல்லாம் அணையும். டீக்கு கேஸ் அடுப்புதான்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஜெனரேட்டர் நூறடி தள்ளி, காற்று வாக்குக்குக் கீழே. ஒப்பனைக் கொட்டாய்க்குப் பின்னாடி வைக்கவே கூடாது, புகை உள்ளே அடைஞ்சு உயிருக்கே ஆபத்து. ஓடிட்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. மைக் நிறுத்துற நேரத்தில் ஜெனரேட்டரையும் பத்து நிமிஷம் நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்க. அந்த நேரத்துக்கு ரெண்டு பெட்ரோமாக்ஸோ சார்ஜ் விளக்கோ வேணும். ஒயர் தரையில் ஓடினால் சலங்கைக் கால் மிதிக்கும், எட்டடி உயரத்தில் கட்டிக் கொண்டு வாங்க.

மழை பெய்ஞ்ச மறுநாள் ஈசல் வரும். வாயைத் திறந்து பாடுறவனுக்குள்ள போகும். களரியை விட்டு ஐம்பது அடி தள்ளி ஒரு பளிச்சென்ற வெள்ளை விளக்கைக் களரி விளக்கு போடுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, களரிக்கு மஞ்சள் விளக்கு. பூச்சி வெள்ளைக்குத்தான் அதிகம் போகும்.

ஐந்துகட்டை (ஊத்தங்கரை)

குங்கிலியப் பொடியைப் பந்தத்தில் வீசிச் சுடர் எழுப்புறதை யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன்: தார்ப்பாய், பாலியெஸ்டர் திரை, சாமியானா இருக்கிற களரியில் வேண்டாம். பொடி காற்றில் இருக்கும்போதே பற்றும், எங்கே போகும்னு காற்றுதான் தீர்மானிக்கும்.

சாப்பாடு: வேஷக்காரங்க ஆறரைக்குள்ள சாப்பிட்டுடணும். களி உருண்டை ஒன்றுக்கு மேல வேண்டாம், இடுப்பில் கட்டு ஏறினப்புறம் அது நகராது. ராத்திரி ஒரு மணிக்கு வாழைப்பழம், வெதுவெதுப்பான சுக்குத் தண்ணி. ஐஸ் சோடா வாங்கிக் கொடுக்கிற மாமன் மச்சானைக் கொட்டாய்க்குள்ள விடாதீங்க.

புதுக்களரி (பென்னாகரம் பக்கம்)

அன்பளிப்பு அறிவிப்பை எப்படிச் சமாளிக்கிறது? நூறு ரூபா கொடுத்துட்டு உடனே பேரைச் சொல்லணும்னு நிற்பாங்க.

கொட்டாய்க்காரர் (தேன்கனிக்கோட்டை)

நிறுத்த முடியாது, ஒழுங்குபடுத்தலாம். நோட்டோட ஒரு ஆள் களரிக்கு வெளியே உட்காரட்டும். பணம் அவர்கிட்ட. ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷம் திரைக்கு வர்ற இடைவெளியில் கட்டியங்காரன் அஞ்சு பேரைச் சேர்த்துப் படிப்பான். வேஷத்து மேல நோட்டை ஊக்கால் குத்த விடவே கூடாது. ஜரிகையும் கிழியும், நெஞ்சிலும் குத்தும். குத்தியே ஆகணும்னு நிற்கிற பெரியவருக்காக ஒரு தாம்பாளம் நீட்டுங்க. 10 மணிக்கு அப்புறம் மைக் இல்லை என்பதால் பாதித் தொல்லை தானாவே குறையும். மைக்கில் பேர் வராதுன்னா பலர் காலையில் கொடுக்கிறேன்னு போயிடுவாங்க.

துகில்பெட்டி (அரூர்)

படுகளம் பற்றி யாரும் சொல்லலை. மண் துரியோதனன் செய்றதுக்கு ஏரி மண் எடுத்துக்கலாம். முந்தின நாள் மதியமே உடம்பைக் குவிச்சு, சாயங்காலம் மேல்பூச்சு, ராத்திரி முழுக்க ஈரச் சாக்கு மூடி. நிறம் பூசுறது விடியற்காலையில்.

தொடையில் புதைக்கிற கலயம்தான் வழக்கமாக் காலை வாரும். மண் கலயம் கசியும். முந்தின ராத்திரி நிரப்பினால் காலையில் பாதி மண்ணுக்குள்ள போயிருக்கும், பீமன் அடிக்கிற இடத்தில் ஒன்னும் வராது. கலயத்துக்குள்ள பிளாஸ்டிக் பையை விட்டு அதில் ஊற்றுங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணி கலக்கினப்போ நல்ல சிவப்பா இருக்கும், ஆனால் சுண்ணாம்பில் மஞ்சள் நிறம் நிற்காது, நேரம் ஆக ஆகப் பழுப்பாகும். அதனால் அடிக்கப் போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கலக்கி ஊற்றுங்க, இல்லைன்னா குங்குமத்தைக் கரைங்க. கலயம் இருக்கிற இடத்தில் சின்னக் குச்சி ஒன்று அடையாளம் நட்டு வைங்க. ராத்திரி முழுக்கக் கண் முழிச்ச பீமனுக்கு எந்தத் தொடை என்பதே மறந்திருக்கும்.

புதுக்களரி (பென்னாகரம் பக்கம்)

அன்னைக்கு ராத்திரி மழை வந்தால் உருவம் கரையாதா?

துகில்பெட்டி (அரூர்)

தார்ப்பாயை மேல போட்டு மூடினால் ஒட்டிக்கிட்டு மூக்கையும் மீசையையும் எடுத்துக்கிட்டு வரும். நாலு மூலையில் மூணடிக் கம்பு நட்டு, அது மேல சரிவாக் கட்டுங்க. சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணி ஜனம் நிற்கிற பக்கம் போகாத மாதிரி விடுங்க. தலையை மட்டும் காலையில் வைக்கிற மாதிரி தனியாச் செய்து கோயிலுக்குள்ள வெச்சுட்டால் இன்னும் நல்லது, மீதி உடம்பை அரை மணி நேரத்தில் திரும்பக் குவிச்சுடலாம்.